நான் பட்டினி போட்ட பெண்

என் முதல் கதையில் ஒரு பெண்ணைப் பட்டினி போட்டேன். அவர் நல்ல உடல்நலத்தோடு, என் ஜன்னலுக்கு எதிரே இருபதடி தூரத்தில், ஐந்து பிள்ளைகளை அதட்டிக்கொண்டு வாழ்ந்துகொண்டிருந்தார்.

வேலைக்காக வெளிநாடு வந்து, செவன் ஹில்ஸில் அவர்கள் வீட்டின் பின்புறம் கட்டிய கிரானி ஃப்ளாட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் நேராக அவர்களுடைய சமையலறையைப் பார்க்கும். துணி துவைக்க அவர்களுடைய கராஜுக்குப் போகவேண்டும். கணவர் எலெக்ட்ரீஷியன், வீட்டுக்காரம்மாவுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் பகுதிநேர வேலை. "பேர் சொல்லியே கூப்பிடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. "ஹலோ" சொல்லிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் லேசாக இருமிக்கொள்வேன். ஆஸ்துமா போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அவர்கள் மோர்மன் கிறிஸ்தவர்கள். குடிவந்த வாரமே அவரே சொன்னார், "வீட்டில் பியர் வைத்துக்கொள்வது உன் விருப்பம், எங்களுக்கு மட்டும் நீட்டாதே" என்பதைச் சொல்வதற்காக. நான் பியர் குடிப்பதில்லை. ஆனால் 'மோர்மன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நான் அறிந்த அநேக விஷயங்கள் காகிதம் வழியாகவே வந்தவை. அப்படிப் படித்து வந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அச்சில் இருப்பதை முதலில் நம்புவான். கண்ணில் படுவதை அதற்கேற்ப மடித்து வைப்பான். மோர்மன் குடும்பத்தோடு குடியிருக்கிறோம் என்றதும் நான் அவர்களிடம் பேசவில்லை. நூலகத்துக்குப் போய் மூன்று நாவல்கள் எடுத்து வந்தேன். இரண்டு தொலைக்காட்சித் தொடர்களை முழுக்கப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீளப்பாவாடையும் இழுத்துப் பின்னிய தலையுமாகப் பெண்கள். ஒரு கிழவனுக்கு நாலைந்து மனைவிகள். சிரிக்காத பிள்ளைகள். கடைசியில் ஒரு பெண் வேலியைத் தாண்டி ஓடுவாள், அல்லது செத்துக் கிடப்பாள், போலீஸ் வரும்.

அதன் பிறகு என் ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவியபோதெல்லாம், நான் ஏற்கெனவே படித்துவிட்டதைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா ஜீன்ஸ்தான் போடுவார். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறையும் "எங்கள் வீட்டில் டீ, காபி குடிப்பதில்லை" என்று சொல்லித் திருப்பிவிட்டார். புருஷன் தடுக்கிறான் என்று குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைகளில் வேறொரு பெண்மணி வருவார், கையில் மூடிய பாத்திரத்தோடு. கதவைத் தட்டமாட்டார், நேரே உள்ளே போவார், கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார், சமையலறையில் எந்த டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது மனைவி. கராஜில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வெள்ளை வாளிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன; கோதுமை, பீன்ஸ், பால் பவுடர். உலகம் அழியப்போகிறதென்று பயந்து சேர்த்துவைத்தவை.

பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு சின்னப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் மதியம் சாப்பாடு போடுவார். தான் ஒரு வாய் எடுக்கமாட்டார். ரொட்டியின் ஓரத்தை வெட்டும்போது விரலில் ஒட்டியதைக்கூட நாக்கில் வைக்காமல் குழாயில் கழுவினார். அதை என் கண்ணால் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

கதைக்குப் பன்னிரண்டு பக்கம் வந்தது. மௌனமான மனைவி, கறாரான கணவன், பூட்டிய கராஜ், மாதாமாதம் பட்டினித் தண்டனை. கடைசியில் அவள் பின்வேலியைத் தாண்டுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ் இளைஞன் கை கொடுத்து இறக்கிவிடுகிறான். அந்த இளைஞன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஆண்டுமலர் ஒன்று போடுகிறார்கள். அதைத் தொகுப்பவரை எல்லோரும் 'அன்ரி' என்பார்கள்; ஹெலன்ஸ்பர்க் கோயில் கேன்டீனில் தோசைக்கு நின்றபோது பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். கதையை அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது.

"தம்பி, உம்மட கதை வாசிச்சனான். அழுகை வந்திட்டுது. போடுறம். புதன்கிழமை அச்சுக்குப் போகுது."

எனக்குக் கால் தரையில் இல்லை. வெளியே வந்தால் வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். என் கதை புத்தகத்தில் வருகிறது என்று சொன்னேன். கையிலிருந்த ஈரத்துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். சமையலறைக் கதவைப் பார்த்து, "பசங்களா, நம்ம வீட்டில் ஓர் எழுத்தாளர் இருக்கிறார்!" என்று கத்தினார். பிறகு கேட்டார்: "எதைப் பற்றி?"

"ஒரு குடும்பத்தைப் பற்றி."

"எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். ஆங்கிலத்தில் சொல்லு. சத்தியமா?"

சத்தியம் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குடும்பம் எதுவென்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு மதியம் அம்மாவுக்கு போன் போட்டேன். நான் எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். கல்லூரிக் கட்டுரையைக்கூட வாசித்திருக்கிறேன். அங்கே காலை நேரம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எம்மா, கேக்கியா?"

"கேக்கேன் ராசா. படி."

படித்தேன். டீ விஷயத்தில் உச்சுக்கொட்டினார். இரண்டாவது மனைவிக்கு "அட கெடுவானே" என்றார். எனக்கு உற்சாகம் கூடியது. மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அவளுக்குச் சோறு இல்லை என்ற வரிக்கு வந்தபோது கீரை ஆயும் சத்தம் நின்றது.

"நில்லு. எப்ப சாப்பிட மாட்டா?"

"மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை."

"மாசாமாசமா? அதே கெழமையா?"

"ஆமாம்மா."

"சாயங்காலம் சாப்பிடுவாளா?"

யோசித்தேன். "சாப்பிடுவாங்க. அன்னைக்கு மேசை நிறைய இருக்கும்."

"ஏலேய், அது ஒருபொழுதுடா!"

கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"செவ்வாக்கெழமை நான் இருக்கலையா? உனக்கும் உங்கப்பாவுக்கும் ஆக்கி வச்சுட்டு, நான் சாயங்காலம் வெளக்கேத்திட்டுத்தான ஒரு வாய் திங்கேன்? அதுக்கு உங்கப்பன் என்னைப் பட்டினி போட்டான்னு எழுதிருவியா? அவுகளும் சாமி கும்பிடுற ஆளுகதான. அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கலம்மா."

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்து எழுதினியாக்கும். பதினாறு வருசம் படிச்ச படிப்புக்கு."

இருபது வருடம் அம்மாவின் செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தவன் நான். உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். தான் நாக்கில் வைக்கக் கூடாது என்பதற்காக. விரலில் ஒட்டியதைக் கழுவுவதும் அம்மாவின் கைதான். அதே கை எதிர் ஜன்னலில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சிறை என்று எழுதினேன்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அன்றும் மாதத்தின் முதல் ஞாயிறுதான். எதிரே அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆண்டுமலர் வரும், நானூறு பேர் வாங்குவார்கள், ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் அந்த நானூறு பேரும் அவரைத்தான் கடையில், பள்ளிக்கூட வாசலில் பார்ப்பார்கள். என் கதையைப் படித்துவிட்டுப் பார்ப்பார்கள். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒருவன் என்னைப் பார்த்த முதல் வாரமே, "உன் அம்மா உன் அப்பாவுக்குப் பத்தடி பின்னால்தான் நடப்பாராமே?" என்று கேட்டான். எங்கோ படித்திருக்கிறான். அன்று எனக்குக் காது சூடானது. இப்போது அதே வேலையைத்தான் நான் பன்னிரண்டு பக்கத்தில் செய்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை அச்சு.

கதையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன்.

"இன்று நீங்கள் சாப்பிடவில்லையா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"நேற்று இரவிலிருந்து இல்லை. மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு வேளை விட்டுவிடுவோம். அந்தச் சாப்பாட்டுக்கு ஆகிறதை இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். இவரும்தான் பட்டினி. அதோ பார்."

முன்னறைச் சோபாவில் கணவர் முகத்தின் மேல் தலையணையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "மாதாமாதம் இதே நாடகம். இன்னும் மூன்று மணி நேரம் உயிரோடிருப்பாரா தெரியாது" என்றார் வீட்டுக்காரம்மா. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. அந்தச் சோபா என் ஜன்னலிலிருந்து தெரியாது.

"கையில் என்ன, கதையா? வாசி, வாசி. இறைச்சி வேக ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எதையாவது கேட்டால் பசி தெரியாது."

மேசையில் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். டீ வந்தது. பூட்டிய கராஜ் வந்தது. அவர் சீவுவதை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைப் பெண்மணி வரும் இடத்தில் பக்கத்தை மெல்லத் திருப்பினேன்.

"ஒரு பக்கத்தை விட்டுவிட்டாய்" என்றார், தலை நிமிராமல். ஐந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்தவர்.

திரும்பிப் போய் அதையும் சொன்னேன். கத்தி நின்றது. என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. போச்சு, இன்றைக்கே பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். தொண்டை அடைத்து இருமினார். கணவர் தலையணையை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "என்ன? என்ன?" என்றார்.

"உங்களுக்கு இன்னொரு மனைவி இருக்கிறாளாம். செவ்வாய்க்கிழமை வருகிறாளாம்."

"செவ்வாயா?" என்றார் அவர். "செவ்வாய் எனக்கு ஃபுட்பால் பயிற்சி. வேறு நாள் மாற்றச் சொல்." மறுபடி தலையணையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வருடம் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. சபையில் பெண்கள் ஆளுக்கு ஒரு வீட்டைக் கவனித்துக்கொள்வார்களாம். அப்போது வர ஆரம்பித்தவர் அந்தப் பெண்மணி. குணமான பிறகும் வருவதை நிறுத்தவில்லை. "பல மனைவி வழக்கத்தை நாங்கள் விட்டு நூறு வருடத்துக்கு மேலாகிறது. விடாமல் இருக்கும் வேறு கூட்டங்கள் உண்டு, அங்கே பெண்கள் படும் பாடும் உண்மை. எங்கள் சபையில் எவனாவது அப்படிச் செய்தால் வெளியே போட்டுவிடுவார்கள். சரி, முடிவைச் சொல்."

வேலி தாண்டுவதைச் சொன்னேன். கை கொடுக்கும் இளைஞனையும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பைத் திறந்து பார்த்து மூடிவிட்டு வந்தார்.

"கோபமா?" என்றேன்.

"இல்லை. ஒன்றுதான் கேட்கவேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் அவள் எத்தனை வார்த்தை பேசுகிறாள்?"

புரட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் இல்லை.

"என்னைப் பார்த்தால் பேசாமல் இருப்பவளாகவா தெரிகிறது?"

சோபாவிலிருந்து, "இல்லை!" என்று பதில் வந்தது.

"இதே மாதிரி நாவல்களை எல்லாம் நானும் படித்திருக்கிறேன்" என்றார். "எங்களைப் பற்றி என்றால் எடுத்துவிடுவேன். எல்லாவற்றிலும் அவள் ஓடுவாள், அல்லது சாவாள். ஒருத்திகூட மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போவதில்லை. இன்னொரு வகை இருக்கிறது, எங்கள் ஆட்களே எழுதுவது. அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேக் சுடுவார்கள். அதுவும் நானில்லை. என் அக்கா சபையை விட்டுப் போய்விட்டாள். அவளுக்குக் காயம் பட்டது, அது பொய்யில்லை. அவள் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். பெண்கள் ஏன் சபைக்குத் தலைமை தாங்கக் கூடாது என்று எனக்கும் கேள்வி இருக்கிறது. என் அம்மாவோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையை நான்தானே போடவேண்டும்? நீ என்னை வேலிமேல் ஏற்றிவிட்டாய். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு!"

முழங்காலைத் தட்டிக் காட்டினார். பிறகு, "வாளிகளைச் சரியாக எழுதியிருக்கிறாய். பீன்ஸ் கொஞ்சம் அதிகம்தான். அதை வைத்துக்கொள்" என்றார்.

சிரித்துவிட்டேன். இனி அச்சு மட்டும்தான் பாக்கி. அங்கேயே நின்று அன்ரிக்கு போன் போட்டேன்.

"அன்ரி, அந்தக் கதையைப் போடாதீங்க. தப்பா எழுதிட்டேன்."

"என்ன தம்பி விளையாடுறீரே? பக்கமெல்லாம் கட்டியாச்சு."

விரதத்தைச் சொன்னேன்.

"அது விரதமோ?" என்றார் அன்ரி. "நான் வாசிச்சுப்போட்டு அழுதனானே! கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் நான் ஒரு நேரம்தான் சாப்பிடுறனான். எனக்கும் பிடிபடேல்லை, பாரும்." பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு ஆசிரியைக் குரலுக்கு வந்தார். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கிடையிலை வேறை எழுதி அனுப்பும். பிந்தினா உம்மட பக்கத்திலை நகைக்கடை விளம்பரம்தான்."

அன்றும் மறுநாளும் எழுதினேன். இந்த முறை ஜன்னலில் நிற்கவில்லை. அவர்கள் மேசையில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டால் போதும், வீட்டுக்காரம்மா நிறுத்தமாட்டார். அக்காவைப் பற்றி, அம்மாவோடு போட்ட சண்டை பற்றி, பிரார்த்தனையின் நடுவில் கடைக்குட்டி கேட்ட கேள்வி பற்றி, ஒரு முதல் ஞாயிறன்று தெரியாத்தனமாகப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்ட ஒரு சிப்ஸ் பற்றி. சில இடங்களில் நான் மறுத்தேன். எல்லாம் இவ்வளவு சுலபமா என்று கேட்டேன். "சுலபம் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்கு அந்தப் பெண்மணி பாத்திரத்தோடு வந்தார். நேரே என்னிடம் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும்.

"நீதானா என்னைக் கட்டிக்கொடுத்தவன்? எனக்கென்று தனி வீடாவது கொடுத்தாயா, இல்லை இவளோடு இந்தச் சமையலறையில்தானா?"

பதிலுக்கு நிற்காமல் என் தலையில் தட்டிவிட்டுப் போனார். பாத்திரத்தில் பீன்ஸ் இருந்தது.

ஐந்தரைக்குக் கதையை அனுப்பினேன். ஆறரைக்கு அன்ரி கூப்பிட்டார்.

"தம்பி, இது நல்லாயிருக்கு. ஆனா இந்தப் பொம்பிளை கனக்கக் கதைக்கிறா. முந்தினதிலை வாயே திறக்கேல்லை, இதிலை வாயே மூடுறா இல்லை. ஒரு பக்கம் கூடிப்போச்சு. அவவின்ரை பேச்சிலை வெட்டட்டோ?"

"வேண்டாம் அன்ரி. அவங்க பேச்சைத் தொடாதீங்க. ஆரம்பத்துல ஒருத்தன் ஜன்னல்ல நின்னு பாக்கறது ஒரு பக்கம் வருதில்லையா, அதை எடுத்துடுங்க."

"அது வடிவான இடமெல்லே? மழையும் கண்ணாடியும் எண்டு நல்லா எழுதியிருக்கிறீர்."

"பரவாயில்லை அன்ரி. எடுத்துடுங்க."

"ஓம், சரி. உம்மட விருப்பம். நாளைக்கு அச்சுக்குப் போகுது. இனிக் கூப்பிடாதேயும்" என்று வைத்துவிட்டார்.

எதிரே விளக்கு எரிந்தது. வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், உதடு அசைந்துகொண்டே இருந்தது, யாரையோ அதட்டுகிறார். நான் ஜன்னலைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. அவர் நிமிர்ந்தார்.

"வெட்டவில்லை" என்றேன் உரக்க. "நீங்கள் பேசினது முழுக்க வருகிறது."

"ஆமாம், ஆமாம்" என்றார் ஈரக்கையை ஆட்டி. "முதலில் அந்த இருமலுக்கு ஏதாவது குடி. டீ கீ போட்டுக் குடியேன், நானா வேண்டாம் என்றேன்?"